மேலே போன தேங்காய்

நாகூர் வெட்டாற்றில் ஒரு தேங்காயைப் போட்டு, அதை ஆற்றோடு மேலே ஏறவைத்து, மேட்டூர் அணையைத் தொட்டுவிட்டுப் பகல் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பவைத்த மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். நம்பாதவர்கள் நேராக வெட்டாற்றையே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, மேட்டூர் என்பதில் கொஞ்சம் தள்ளுபடி தருகிறேன். பாலத்தடியிலிருந்து செங்கல் காளவாய் வரைக்கும் போனது. அதற்குமேல், படம்பிடித்த சினேகிதன் ஜெக்கரியாவின் போனில் சார்ஜ் இல்லை. ஆனால் மேலே போனது போனதுதான். என் வாழ்க்கையில் நான் சொன்ன எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை. அந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு நான் செய்த அநியாயம், மற்ற பொய் எல்லாவற்றையும் கூட்டினாலும் வராது.

என் பெயர் அஹமது கபீர். துபாயில் ஏ.சி. உதிரிபாகக் கடையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். பாலைவனத்து வெயிலைப் பிடித்துக் குளிராக்கி அரபிகளுக்கே விற்றவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸருக்குள் கேஸ் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவனுக்கு இயற்பியலில் பாக்கி என்ன இருக்கிறது? இப்படித்தான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஊரோடு திரும்பி வந்தபின் பகலெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, துபாயில் ஒட்டகம் எனக்கு சலாம் சொன்ன கதையையெல்லாம் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கடையை மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் கடைக்காரரே என் மனைவி மெஹராஜ் பேகத்திடம் வந்து முறையிட்டார். அப்போது என் மகள் ரிஃப்காதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டில் பிராட்பேண்டு இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது. எனக்கு முகநூலில் ஒரு கணக்குத் திறந்துகொடுத்து, "வாப்பா, இங்க எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. பிடிக்காதவங்க தாண்டிப் போயிடுவாங்க" என்றாள்.

ரிஃப்காவின் மாப்பிள்ளை தம்மாமில் இருந்தார். அவள் எங்களோடு இருந்துகொண்டு, தபால்வழியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷம். அதை முடித்தால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை தருவதாக வாய்வார்த்தை கொடுத்திருந்தார்கள். பாடப்புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அதில் குவாண்டம் என்று ஒரு பகுதி, அவளை அழவைத்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் 'ஞாயிறு இயற்பியல்' என்ற முகநூல் குழு.

அதை நடத்தியவர் கயல்விழி. கொரியாவில் ஆராய்ச்சி செய்கிற பெண். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாடத்தைத் தமிழில் எழுதி, கையால் படம் வரைந்து போடுவார். தன்னைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் எழுதியிருந்தார்: அப்பா அரசப்பன், அம்மா காத்தாயி, கீழ்வேளூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டுக் களையெடுத்துப் பிழைத்தவர்கள். பனியன் கம்பெனிகள் பெருகி ஆள் தேடிக்கொண்டிருந்த காலத்தில் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார்கள். கயல்விழிக்கு அப்போது நடக்கத் தெரியும், பேசத் தெரியாது. இது அவரே எழுதியது. நான் அதைப் படித்திருந்தேன் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ரிஃப்கா அந்தக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டாள். பிள்ளை செய்த ஒரே தப்பு அது.

அந்தக் குழுவில் இயற்பியல் தெரிந்தவர் ஒருவர். மற்ற அத்தனை பேருக்கும் இயற்பியலைப் பற்றி அபிப்பிராயம் தெரியும். மலேசியாவிலிருந்து மீரா சாகிப் என்பவர், பெட்ரோலே இல்லாமல் ஓடும் இஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை முதலில் சுற்றிவிட மட்டும் ஓர் ஆள் வேண்டுமாம். மன்னார்குடி மருதையன், எதைக் கேட்டாலும் ஒரே வரியில் பதில் வேண்டும் என்பார். ஒரே வரியில் சொன்னால், "விளக்கமாச் சொல்லத் தெரியல பாருங்க" என்பார். கயல்விழி எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். மீரா சாகிப்புக்குப் படமே வரைந்து காட்டினார். அவர் அந்தப் படத்தை எடுத்துத் தன் இஞ்சின் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்.

இந்தச் சந்தைக்குள் நான் நுழைந்தேன். மீன் தண்ணீருக்குள் விழுந்த மாதிரி. ஒரு வாரத்தில் குழுவே என் கையில். கயல்விழி ஒளியின் வேகத்தைப் பற்றி எழுதினால், அதைவிட வேகமாக துபாயில் சம்பளம் போகும் என்று நான் எழுதுவேன். அவர் பாடத்துக்கு நாலு லைக் விழுந்தால் என் கமெண்டுக்கு நாற்பது விழும். நானும் பெருந்தன்மையாக, எனக்குப் பதில் போடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு லைக் அமுக்கிவிடுவேன். அது ஒரு மரியாதை. வீட்டுக்கு வந்தவனுக்கு ஒரு டீ கொடுப்பது போல.

பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் கயல்விழி எழுதிய பாடம் ஆற்றலைப் பற்றியது. அதில் ஒரு வரி: 'தண்ணீர் தானாக மேலே போகாது.'

நான் உடனே எழுதினேன்: "எங்க ஊர் ஆத்துல போகும்மா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மேலே போகும்."

இந்த வரியை நான் எழுதியபோது என் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. எங்கள் பக்கத்தில் மேலே என்றால் மேற்கே, கீழே என்றால் கிழக்கே. காவிரியும் அது பெற்ற பிள்ளைகளும் மேற்கிலிருந்து கிழக்கே இறங்கி வருவதால் ஏற்பட்ட பேச்சு. 'மேல போயிருக்காரு' என்று நாகூரில் ஒருவர் சொன்னால், ஆள் திருவாரூர்ப் பக்கம் போயிருக்கிறார் என்று அர்த்தம். மாடிக்கும் இல்லை, ஆண்டவனிடமும் இல்லை. கோடையில் மேலே ரெகுலேட்டர் மதகை அடைத்துவிடுவார்கள், ஆற்றில் வரத்து இருக்காது. பௌர்ணமிக்குக் கடல் பொங்கி, முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறும். ஆறு மேற்கே ஓடும். நாகூரில் இது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கயல்விழி பதில் போட்டார்: "போகாதுங்க ஐயா." கூடவே ஒரு படம். ஒரு மலை, மலைச்சரிவில் ஓர் ஆறு, அம்புக்குறி கீழ்நோக்கி.

அந்த மலையைப் பார்த்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. திருப்பூரில் வளர்ந்த பிள்ளை, மேலே என்பதை உயரம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த இடத்தில், "அம்மா, நான் சொன்னது மேற்கே" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கதை முடிந்தது. விரல் விசைப்பலகைக்குப் போகவும் செய்தது. ஆனால் அதற்குள் மருதையன், "பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும், அவர் ஆத்தங்கரைக்காரர்" என்று எழுதிவிட்டார். அதற்கு வரிசையாக லைக். என் விரல் வேறு எழுத்துகளுக்குப் போய்விட்டது.

"பந்தயம் வச்சுக்கலாமா? தேங்காய் ஒண்ணப் போட்டு வீடியோ எடுத்துக் காட்டறேன்."

ஜெக்கரியா என் பால்ய சினேகிதன், படகு வைத்திருக்கிறான். ஒரு நல்ல நெற்றுத் தேங்காய்க்குச் சிவப்புப் பெயிண்டு அடித்தோம். பௌர்ணமியன்று பாலத்தின் மேல் ஊரே நின்றது. ஊர் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர், ஆனால் சத்தம் ஊர் அளவுக்கு இருந்தது. தேங்காயைப் போட்டேன். அது ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு மாமியார் வீட்டுக்குக் கிளம்பிய புது மாப்பிள்ளை மாதிரி, நிதானமாக மேற்கே பார்த்து நகர்ந்தது. "மேல போகுது! மேல போகுது!" என்று பாலமே கத்தியது. ஜெக்கரியா ஒரு கையில் துடுப்பும் மறு கையில் போனுமாகப் பின்னாலேயே போய்ப் படம்பிடித்தான். அந்தக் கூச்சலும் வீடியோவில் தெளிவாக விழுந்திருந்தது.

குழுவில் அதைப் போட்டதும் கிளம்பிய கொண்டாட்டத்துக்கு முன்னால், நான் பார்த்த எந்த வாணவேடிக்கையும் நிற்காது. சிங்கப்பூர், மஸ்கட், பாரீஸ் என்று நம் சனம் எங்கெங்கே பிழைக்கப் போயிருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் வந்து குவிந்தார்கள். 'தேங்காய் பாய்' என்று பட்டமும் கிடைத்தது.

கயல்விழி கேட்டார்: "காத்து எந்தப் பக்கம் அடிச்சது? படகுலேர்ந்து யாராவது நூல் கட்டி இழுத்தாங்களா?" நான், "ஆமாம்மா, நூலோட மறுநுனி கொரியாவுலதான் இருக்கு, உங்க ஜன்னல்ல பாருங்க" என்று எழுதினேன். ஊரே சிரித்தது. கடைசியில் பொறுமை போய் அவர் எழுதினார்: "இது நடக்கவில்லை. இது ஏமாற்று."

அதற்குப் பின்னால் வந்தவை எதுவும் விளையாட்டில்லை. படித்த திமிர் என்றார் ஒருவர். எங்கள் கண்ணையே நம்பக்கூடாதா என்றார் இன்னொருவர். அந்தக் கூட்டத்தில் முகம் காட்டாத ஒருவன் எழுதினான்: "கொரியாவுல கிழிச்சது போதும், வந்து எங்க வயல்ல களை எடும்மா. உங்க ஆளுங்களுக்குக் கைவந்த வேலை அதானே."

அதற்கு நான் லைக் அமுக்கினேன்.

மறுநாள் காலை அந்தக் குழுவில் கயல்விழியின் இரண்டு வரி கிடந்தது. இனிமேல் இங்கே பாடம் எழுதப்போவதில்லை. இதுவரை படித்தவர்களுக்கு நன்றி. குவாண்டம் பகுதி பாதியில் நின்றிருந்தது. ரிஃப்காவுக்குப் பரீட்சை அடுத்த மாதம்.

அன்று பகல் சோற்றுக்கு உட்கார்ந்தேன். எதிரே ரிஃப்கா. கையில் மீனாணச் சட்டி, மீன்குழம்புதான். என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உம்மா, அவங்களுக்கு ஆணம் போதுமான்னு கேளுங்க."

மெஹராஜ் என்னைப் பார்த்து, "ஆணம் போதுமான்னு கேக்குறா."

"நான் எதிர்லதானே இருக்கேன்?"

"எதிர்ல இருக்காங்களாம்" என்று மெஹராஜ் மகளுக்கு அஞ்சல் செய்தாள்.

"அவங்க எழுதுன கமெண்டு எல்லாம் பாத்தேன்னு சொல்லுங்க. அவங்க லைக் போட்டதையும் பாத்தேன்னு சொல்லுங்க. களை எடுக்க வரச் சொன்னதுக்கும் போட்டிருக்காங்க."

"அது படிக்காம அமுக்கினதும்மா" என்றேன். "வர்ற எல்லாத்துக்கும் அமுக்குவேன்னு உனக்குத் தெரியாதா?"

ரிஃப்கா சட்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். மெஹராஜ் என் முகத்தையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் பொய்யெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "படிக்காமயா?" என்றாள்.

நான் மீன் முள்ளைப் பொறுக்கினேன். அந்த மீனுக்கு முள்ளே கிடையாது.

படித்துவிட்டுத்தான் அமுக்கினேன். படித்தேன், கொஞ்சம் உறுத்தியது, என் பக்கம் பேசுகிற ஆள்தானே என்று அமுக்கினேன். அமுக்கிய பின்னும் அதைத் திரும்ப எடுக்கலாம், முகநூலில் அந்த வசதி உண்டு. நான் எடுக்கவில்லை. அடுத்த கமெண்டைப் படிக்கப் போய்விட்டேன், அதில் என்னைப் புகழ்ந்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பின் முதல் வேலையாக அந்த லைக்கை எடுத்தேன். பிறகு, செய்ததை நானே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் ஒரு பெரிய பதிவு தட்டினேன். கயல்விழி சொன்னதுதான் சரி. நான் சொன்ன மேலே, மேற்கே. கடல் ஏறும்போது முகத்துவாரத்தில் நீர்மட்டம் உயர்கிறது. ஆற்றுக்குள் மட்டம் தாழ்வாக இருக்கிறது. உயரத்திலிருந்து தாழ்வுக்குத்தான் தண்ணீர் வந்தது. ஆற்றின் அடிமண் எந்தப் பக்கம் சரிந்திருந்தால் என்ன, தண்ணீரின் முகம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் ஓடும். கயல்விழியின் பாடத்தில் இதற்கு ஓதம் என்று பெயர். இதையெல்லாம் ரிஃப்காவின் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டி, கயல்விழியின் பழைய பாடங்களையும் வரி விடாமல் படித்துத் தெரிந்துகொண்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாக மிகைப்படுத்தாமல் ஒரு பக்கம் எழுதினேன். கை வலித்தது.

முதல் பதில் மருதையன்: "கடல் மட்டம்னுதானே பாய் சொல்றோம்? மட்டம்னா மட்டம். அது எப்படி ஏறும்?"

"அது சராசரி மட்டம். நிலா இழுக்கறதால ஏறி இறங்கும்."

மீரா சாகிப்: "நிலா இழுக்குதுன்னா தேங்காய் ஏன் வானத்துக்குப் போகல?"

"தேங்காயைத் தனியா இழுக்கல. கடல் மொத்தமா..."

"எங்க வீட்டுத் தொட்டித் தண்ணி ஏன் ஏறல? அதுக்கு மேலயும் நிலா இருக்கே?"

நல்ல கேள்வி. பதில் எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. தொட்டி சின்னது, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இழுப்பில் வித்தியாசம் இல்லை, கடல் பெரியது என்று நான் எழுதி முடித்தபோது, மீரா சாகிப் எனக்கு ஓர் இஞ்சின் படம் அனுப்பியிருந்தார். நிலாவால் ஓடுமாம்.

"ஒரே வரியில சொல்லுங்க பாய்" என்றார் மருதையன்.

"கடல் ஏறிச்சு, ஆறு திரும்பிச்சு."

"விளக்கமாச் சொல்லத் தெரியல பாருங்க."

இதுவாவது போகட்டும். பின்னால் வந்தவர்கள் என்னை நம்பவே இல்லை. கொரியாவிலிருந்து போன் வந்ததா, மிரட்டினார்களா, விஞ்ஞானிகள் சேர்ந்து வாயை அடைத்துவிட்டார்களா என்று விசாரித்தார்கள். 'தேங்காய் பாய் தோற்பது போல் நடிக்கிறார், இதிலும் ஏதோ ஜோக் இருக்கிறது' என்று ஒருவர் ஆராய்ந்து எழுத, அதற்கு நூறு லைக். நான் ஒட்டகம் சலாம் சொன்னது என்றபோது நம்பிய அதே சனம், நிலா கடலை இழுக்கிறது என்றால் கண்ணடிக்கிறது.

மூன்றாம் நாள் கீபோர்டைக் குத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மெஹராஜ், "யார்கூட சண்டை?" என்றாள்.

"மன்னார்குடிக்காரன்கூட. எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு..."

"அந்தக் கொரியாப் புள்ள உங்களையெல்லாம் வச்சுக்கிட்டு எத்தனை ஞாயித்துக்கிழமை பொறுத்துக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

அதன்பிறகு எனக்கு விரல் ஓடவில்லை.

உண்மை விலை போகவில்லை என்றால் என்ன, என்னிடம் வேறு சரக்கு இருக்கிறதே என்று தோன்றியது. குழுவில் எழுதினேன்: "கயல்விழி அம்மா சொன்னதே சரி. அது ஏமாற்று. தேங்காயில் தூண்டில் நரம்பு கட்டி ஜெக்கரியா படகிலிருந்து இழுத்தான். தேங்காய் மேலே போகவே இல்லை." கயல்விழிக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். நீங்கள் ஜெயித்தீர்கள், நான் மோசடிக்காரன், என்னைத் திட்ட வேண்டுமானால் இதோ என் நம்பர், பாடத்தை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று.

முதலில் வந்தவன் ஜெக்கரியா. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலிருந்தே கத்தினான்.

"கபீரு! என் படகுல நரம்பா? நான் இழுத்தேனா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினதுடா."

"மஸ்கட்லேர்ந்து என் மச்சான் போன் போட்டுத் துப்புறான்! நீ நூறு பொய் சொல்லு, எனக்கென்ன. நான் கண்ணால பாத்த ஒண்ணைப் பொய்யாக்க நீ யாரு?"

"ஒரு புள்ளைக்காகடா..."

"அந்தப் புள்ளைக்கு நீ செஞ்சதுக்கு என் பேரைக் கெடுப்பியா? உன் பேரைக் கெடுத்துக்க!" என்று போய்விட்டான். நல்ல யோசனைதான். என் பெயரில் கெடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஐயா, கயல்விழி பேசறேன்ங்க. லீவுக்குத் திருப்பூர் வந்திருக்கேன்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. ரிஃப்கா கதவருகே வந்து நின்றாள்.

"அம்மா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. நான் நரம்பு கட்டித்தான்..."

"நரம்பு எந்த இடத்துல கட்டினீங்க?"

"தேங்காய்க் குடுமியில."

"எவ்வளவு நீளம்?"

"அது... ஒரு பனை உயரம் இருக்கும்."

"ஆகாயத்தாமரைக்கும் கட்டினீங்களா?"

"எதுக்கு?"

"வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்தேன்ங்க. தேங்காய்க்கு ரெண்டு பக்கமும் ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தா அதே வேகத்துல போகுது. ஒரு கிழிஞ்ச செருப்பும் போகுது. எல்லாத்துக்கும் நரம்பு கட்டினீங்களா?"

எழுந்தவன் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தேன். 

"பொய்தாம்மா" என்றேன்.

"எதுக்குங்க?"

"நீங்க ஜெயிக்கணும்னு."

"நான் ஜெயிக்கறதுக்குப் பொய் வேண்டாம்ங்க. எனக்கு அது எப்படிப் போச்சுன்னு தெரியணும். ஒரு வாரமா அதேதான் மண்டையில ஓடுது. நீங்க முன்னாடி எழுதின விளக்கத்தையும் நான் படிக்கல, பின்னாடி குழுவுல எதையும் படிக்கல. 'மேல போகுது'ன்னு அத்தனை பேரு கத்தறாங்களே, யாரும் நடிக்கிற மாதிரியும் இல்லையே."

அப்போது அவருக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. அரசப்பன்.

"கயலு, என்ன மேல?"

"ஆறு மேல போச்சாம்ப்பா. நாகூர்ல."

"கடல் ஏறினா போவும். அதுக்கென்ன?"

"மேலப்பா. மேல எப்படிப் போகும்?"

"மேலன்னா மேக்கதானே புள்ள! நம்ம ஊரு மேலத்தெரு மலை உச்சியிலயா இருந்துச்சு? நாம கீழத்தெருவுல இருந்தமே, கெணத்துக்குள்ளயா இருந்தோம்?"

 கயல்விழி சிரித்தார். கொஞ்சம்தான். சிரிப்பு நின்றதும் என்னைக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமா? நான் தப்பா எடுத்துக்கிட்டேன்னு?"

"நீங்க மலை வரைஞ்சப்பவே தெரியும்."

"சொல்லலாமேங்க."

"சொல்லியிருக்கலாம்."

ரிஃப்கா கதவில் சாய்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயல்விழி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அந்தக் களை எடுக்கற கமெண்டு. நீங்க படிச்சீங்களா?"

நாக்கு நுனியில் தயாராக இருந்தது, படிக்காமல் அமுக்கினேன் என்று. ஒரு தடவை சொல்லிப் பழகியதுதான்.

"படிச்சேன்மா. படிச்சிட்டுத்தான் போட்டேன். அப்புறமா எடுத்துட்டேன்."

"எடுத்ததப் பாத்தேன். அந்த ஒண்ணை மட்டும்தான் திரும்பப் போய்ப் பாத்தேன்." தொடர்ந்து சொன்னார்: "வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கம்மாவுக்குக் கமெண்டெல்லாம் வாசிச்சுக் காட்டுவேன்ங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. உங்க கமெண்டுன்னா ரொம்பப் பிடிக்கும். ஒட்டகம் சலாம் சொன்னத நாலு தடவை வாசிக்கச் சொன்னாங்க. இந்தத் தடவை வந்ததும், தேங்காய்க் கதையை வாசிக்கச் சொன்னாங்க."

"வாசிச்சீங்களா?"

"தேங்காய் வரைக்கும் வாசிச்சேன்."

 மன்னிப்பு என்று தொடங்கினேன். "என்கிட்ட இல்லைங்க" என்றார். "அங்க எல்லார் முன்னாடியும்தானே போட்டீங்க. அங்கேயே எழுதுங்க. ஜோக் இல்லாம."

பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்: "குழுவுல ரிஃப்கான்னு ஒருத்தங்க. தினம் ஒரு மெசேஜ் போடறாங்க, குவாண்டம் மட்டும் முடிச்சுக் கொடுங்கன்னு. நாகூர்தானாம். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் மகதாம்மா."

"சொல்லவே இல்லையே!"

"சொல்லிக்கிற மாதிரியா நான் நடந்துக்கிட்டேன்?"

ரிஃப்கா வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியாத பேச்சு. ஆனால் இடையிடையே மகள் "ஓ! ஓஹோ!" என்று சொல்வது கேட்டது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஞாயித்துக்கிழமை பாடம் உண்டு, வாப்பா" என்றாள். நேராக என்னிடம் சொன்னாள். மெஹராஜ் வழியாக இல்லை.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஒட்டகம் இல்லை, மேட்டூர் இல்லை. இவ்வளவுதான் எழுதினேன்: 'நான் மேலே என்று சொன்னது மேற்கே. கயல்விழி அதை உயரம் என்று எடுத்துக்கொண்டது தெரிந்தும் நான் சொல்லவில்லை, சிரிக்கவைப்பதற்காக. அவரைக் களை எடுக்க வரச்சொன்ன கமெண்டைப் படித்துவிட்டுத்தான் லைக் போட்டேன். அது கேவலம். நரம்பு கட்டி இழுத்ததாகச் சொன்னது பொய். ஜெக்கரியா எதையும் இழுக்கவில்லை.'

அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மருதையன் வந்தார்: "ஹாஹா. பாய் இப்ப சோகப்படமும் எடுக்க ஆரம்பிச்சிட்டாரு." அதற்கு வரிசையாக லைக். யாரோ ஒருவர் தேங்காய்க்குக் கண்ணீர் வைத்துப் படம் போட்டார். என்னை நம்புகிறவர் ஒருவர்கூட இல்லை. அவர்களை அப்படிப் பழக்கியவன் நான். ரிஃப்கா பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் படித்தாள். என் தோளில் கை வைக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை.

அப்போது அந்தக் கமெண்டுகளுக்குக் கீழே ஒரு பெயர் வந்தது. கயல்விழி. எந்தப் படமும் இல்லை, நாலே வரி.

'ஐயா எழுதியிருப்பது உண்மை. நான் ஏமாற்று என்று எழுதியது தவறு. தேங்காய் மேலே போனது. அது நடந்தது.'